பதினொன்றாம் எண்

பெயர்களைக் கறுப்பு மையால் அழித்து
எண் போட்டுத்தான் எங்களிடம் வரும்.
அது கர்ட் ஸ்வென்ஸ்ரூட்டின் வேலை. வங்கிக்காரர்.
அழிப்பதையும் கணக்காக அழிப்பார்.

வடக்கு டகோட்டாவில் ஏப்ரல் என்பது
நாட்காட்டியில் மட்டும்தான்.
லூத்தரன் தேவாலயத்தின் நிலவறை,
வாசல் மிதியடியில் பனிச்சேறு.
ஐந்து பேர், ஒரு காபிக் கூஜா,
பத்தொன்பது விண்ணப்பங்கள்,
ஆயிரத்து இருநூறு டாலர்.
ஹார்லன் வீட் நினைவு உதவித்தொகை.
ஹார்லனை நினைவிருப்பவர்கள் எங்களில் இருவர்,
அதில் ஒருவருக்கு அவரைப் பிடிக்காது.

மற்ற நால்வரும் கல்லூரி பார்த்தவர்கள்.
நான் ஏழாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள்.
இந்த மாவட்டத்துப் பிள்ளைகளை
இருபத்திரண்டு வருஷமாக
மேல்கண்ணாடியில் தலைகீழ் வரிசையில் தெரியும்.

'தலைமைப் பண்பு' என்று ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள்.
யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்:
துயரம் இருந்தால் முதல் பத்தியிலேயே வை.
வைத்திருந்தார்கள், பாவம்,
சந்தைக்கூடையில் அழுகலைப் பொறுக்கி
மேலாக அடுக்கியதுபோல்.

பதினொன்றில் அதெல்லாம் இல்லை.
கட்டணம் இவ்வளவு.
அரசு மானியம் இவ்வளவு.
நான் வாங்கச் சம்மதித்த கடன் இவ்வளவு.
உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவினால் இவ்வளவு.
மீதி ஆயிரத்து நூற்று நாற்பது.
அது எங்களிடம் இல்லை.

பிறகு ஒரு வரி இடம் விட்டு:

'எங்கள் சாலைதான் பேருந்துக்குக் கடைசி.
வீட்டில் ஆறு பேருக்கு ஒரு மேசை.
கணக்குகளைப் பேருந்தில்தான் போடுவேன்.
ஓடும்போது உள்விளக்கு எரியக் கூடாது என்பது விதி.
எங்கள் ஓட்டுநர் எரியவிடுகிறார்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
கேட்டால் ஞாபகம் வந்து
அணைத்துவிடுவாரோ என்று பயம்.'

கறுப்பு மை எல்லாவற்றையும் மறைத்திருந்தது,
என்னைத் தவிர.

எனக்கு அந்த வளைவு தெரியும்,
ஒரு பக்கம் சாய்ந்த தபால்பெட்டி தெரியும்,
மூன்று காலால் ஓடிவரும் நாய் தெரியும்.
அவன் கவனித்திருப்பான் என்பதுதான் தெரியாது.

சும்மா இருந்திருக்கலாம்.
கையைத் தூக்கினால் போதும்.
'இதற்கு நான் வாக்குப் போட முடியாது,
பிள்ளை யாரென்று தெரிந்துவிட்டது' என்றேன்.
நூலகத்து மார்வா கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்:
'இந்த ஊரில் யாருக்கு யாரைத் தெரியாது, இங்கா?'
கர்ட் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டுக்கு இரண்டு.
நான்காம் எண்ணும் நல்ல பிள்ளைதான்,
செத்துப் பிறந்த கன்றைப் பற்றி எழுதியவள்.
சமமானால் பாதிப் பாதி, அதுவும் விதி.
அறுநூறு, அறுநூறு.
காகிதக் கோப்பைகளைக் குப்பையில் போட்டோம்.

வண்டியில் வரும்போதே கழித்துப் பார்த்தேன்:
இன்னும் ஐந்நூற்று நாற்பது.
நேர்மைக்கு விலை உண்டு என்பார்கள்.
உண்டுதான். பில் மட்டும்
வேறொருவன் பெயருக்குப் போயிருக்கிறது.
வீட்டில் காபி டின்னைக் கவிழ்த்து எண்ணினேன்.
எண்பத்தேழும் சில்லறையும்.

காலை ஆறு பத்து. இருட்டு.
தபால்பெட்டியருகே எமட் நிற்கிறான்,
ஷூவால் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு.
'மார்னிங், மிஸஸ் டாலன்.'
மார்னிங் என்கிறேன். கடிதம்
வெள்ளிக்கிழமைவரை கர்ட்டின் இழுப்பறையில்.

மூன்றாவது இருக்கை. நோட்டைத் திறக்கிறான்.
சுவிட்சைத் தட்டுகிறேன்.
முன்கண்ணாடியில்
பாதி சாலை தெரிகிறது,
மீதி என் முகம்.